சட்ட உதவிச் சபையில் எனக்கொரு இருக்கை

நான் அந்தச் சபையில் உட்காரத் தொடங்கிய இரண்டாவது குளிர்காலத்தில்தான் மேல்வீட்டுப் பெண் வந்து என் கதவைத் தட்டினாள். எனக்கு அன்று ஓய்வு நாள். மத்தியானச் சோற்றுக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தால், வீட்டுச் செருப்போடு, கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டியபடி நின்றாள்.

"அக்கா, இத கொஞ்சம் பாருங்க. நான் சரியாத்தான் படிக்கிறேனான்னு சொல்லுங்க."

அவள் கணவன் ஆங்கிலத்தில் அனுப்பியிருந்த செய்தி அது. தானும் மகளும் இனி பக்கத்து நகரான லவாலில் இருக்கப்போவதாகவும், பிள்ளைக்கு அங்கேயே ஒரு கார்தெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், இடம் கிடைத்துவிட்டதாகவும், மற்றதெல்லாம் சட்டத்தரணி மூலம் பேசலாம் என்றும் எழுதியிருந்தான். காலையில் பிள்ளையைக் கார்தெரியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்றுதான் அவளிடம் சொல்லிப் போயிருக்கிறான். பிள்ளையின் பனிச்சட்டைக்கு ஜிப் இழுத்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியில் தோசையைச் சுருட்டி வைத்து அனுப்பியது இவள்தான்.

"சரியாத்தான் வாசிச்சிருக்கிறியள்" என்றேன். வேறென்ன சொல்ல? "உள்ளை வாங்கோ தங்கச்சி. குளிருக்கை நிக்காதேங்கோ."

அவள் தமிழ்நாட்டுப் பெண். திருச்சியில் வேதியியலில் முதுகலை படித்தவள். கணவனுக்கு இங்கே கணினி நிறுவனமொன்றில் வேலை. எங்கள் கட்டடத்து நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தடியில்தான் எங்களுக்குப் பழக்கம். 'ஆமாம்' என்பதற்கு நான் 'ஓம்' என்று சொல்லும்போதெல்லாம் ஆரம்பத்தில் சிரிப்பாள், சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று. மேலே அவர்கள் சண்டை போடுவது எங்களுக்குக் கேட்கும். அடிதடி இல்லை. அவன் குரல் நீளமாக, ஒரே அளவில் போகும். அவள் குரல் இடைக்கிடை உயர்ந்து அறுந்துவிடும். பிறகு பிள்ளை ஓடுகிற சத்தம். அன்றைக்குப் பிறகு எங்கள் கூரைக்கு மேலே அந்த ஓட்டச் சத்தம் இல்லை.

அடுத்த நாளே அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் பகுதிச் சட்ட உதவிக் கந்தோருக்குப் போனேன். வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவில் சட்டத்தரணி தருகிற அலுவலகம் அது. எனக்கு அந்த வாசல் புதிதல்ல. பல வருடங்களுக்கு முன்னர் எங்கள் கட்டடத்தின் சொந்தக்காரர் திருத்த வேலை என்ற பெயரில் எங்களையெல்லாம் கிளப்பப் பார்த்தபோது, அங்கிருந்த சட்டத்தரணிப் பெண் ஒருத்திதான் எங்களுக்காக நின்றாள். அவள்தான் பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "இந்தக் கந்தோர்களை நடத்துகிற நிலையத்தின் நிர்வாக சபையில் சட்டத்தரணி அல்லாதவர்களுக்கும் இடம் இருக்கிறது. இந்தச் சேவை தேவைப்படுகிற சனத்தை அறிந்த ஒருவர் அங்கே வேண்டும். விண்ணப்பியுங்கள்" என்றாள். விமான நிலையமிருக்கிற டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையல்கூடத்தில் வேலை செய்கிறவளுக்கு அங்கே என்ன வேலை என்று நான் தயங்கினேன். ஆனால் விண்ணப்பித்தேன். எடுத்தும்விட்டார்கள்.

அந்த நிலையத்தின் பணம் எங்கிருந்து எப்படி வருகிறது என்பதை விளங்கிக்கொள்ளவே எனக்கு முதல் வருடம் போய்விட்டது. நீதி அமைச்சு சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கொடுக்கும். ஆணைக்குழு அதைப் பிராந்திய நிலையங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். நிலையத்தின் சபையான நாங்கள் எங்களுக்குக் கிடைத்ததைக் கிளைக் கந்தோர்களுக்கிடையே பிரிப்போம். எங்கள் மேசைக்கு வரும்போது அதில் பெரும்பங்கு சம்பளமென்றும் வாடகையென்றும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். கந்தோரில் மாதச் சம்பளத்துக்கு இருக்கிற சட்டத்தரணிகள் ஒரு வகை. வெளியே சொந்தக் கந்தோர் வைத்திருந்து சட்ட உதவி வழக்குகளையும் எடுக்கிற சட்டத்தரணிகள் இன்னொரு வகை. இரண்டாவது வகையினருக்குக் கொடுக்கிற கட்டணம் வேறு பானை. அதில் அகப்பை போட எங்களுக்கு உரிமை இல்லை. ஒரு வழக்குக்கு எவ்வளவு என்பதை அமைச்சும் சட்டத்தரணிகளின் சங்கமும் தங்களுக்குள் பேசித் தீர்க்கும். யார் உதவி பெறுகிற அளவுக்கு ஏழை என்பதும் அரசாங்கத்தின் சட்டவிதியில் எழுதியிருக்கிறது. எங்கள் கையில் எஞ்சியிருந்ததெல்லாம் எந்தக் கந்தோரில் யாரை வைப்பது, எதை மூடுவது, எதைத் திறப்பது என்ற முடிவுகள்தான். அதுவே பெரிய பொறுப்பு என்று அப்போது நினைத்திருந்தேன்.

மேல்வீட்டுப் பெண்ணுக்குச் சொந்த வருமானம் எதுவும் இல்லை. கணவன் எதிர்த் தரப்பு என்றபடியால் அவனுடைய சம்பளத்தையும் பார்க்கவில்லை. அவளுக்கு உதவி உண்டு என்று அன்றே சொல்லி, சட்டத்தரணியிடம் கொடுக்க வேண்டிய பத்திரத்தையும் கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்து அவள் அந்தத் தாளைக் கோட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, என் வீட்டில் நான் செய்த சாப்பாட்டை ஒருவர் புகழ்ந்ததுபோல.

ஆனால் அந்தப் பத்திரத்தைக் கையில் வாங்குகிற சட்டத்தரணி இல்லை. எங்கள் பகுதிக் கந்தோரில் குடும்ப வழக்குகளைப் பார்த்தவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அந்த இடம் காலியாகவே இருந்தது. மிஞ்சியிருந்தவருக்குத் தலைக்கு மேலே வேலை. வெளியே ஒரு சட்டத்தரணியைத் தேடிக்கொள்ளுங்கள், பத்திரத்தைக் காட்டுங்கள் என்று சொல்லி ஒரு பெயர்ப்பட்டியலைக் கொடுத்தார்கள்.

என் சமையலறை மேசையில் இருந்துதான் அவள் எல்லாரையும் அழைத்தாள். 'போன்ஜூர்' என்று தொடங்குவாள். அவளுடைய பிரெஞ்சு அதோடு முடிந்துவிடும். பிறகு ஆங்கிலம். மற்றப் பக்கத்துக் குரல் 'சட்ட உதவி' என்ற சொல் வரும்வரை அன்பாக இருக்கும். அந்தச் சமயம் கட்டணப் பேச்சுவார்த்தை இழுபட்டு, வெளிச் சட்டத்தரணிகள் பலர் புதிய சட்ட உதவி வழக்குகளை எடுப்பதில்லை என்று நின்றுவிட்டார்கள். ஒருவர் மட்டும் ஒளிக்காமல் சொன்னார். "அம்மா, உங்கள் வழக்கில் பிள்ளையின் எதிர்காலம் இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் வாரக்கணக்கில் உழைக்க வேண்டும். இந்தப் பத்திரம் தருகிற காசு அதில் ஒரு நாளைக்குக்கூடக் காணாது. அரைகுறையாகச் செய்வதைவிடச் செய்யாமல் விடுவது நேர்மை என்று நினைக்கிறேன்." அவர் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை.

அவன் தொடுத்த வழக்குக்கு நீதிமன்றத்திலிருந்து திகதி வந்தது. பிள்ளை தற்காலிகமாக யாரிடம் இருப்பது என்று தீர்மானிக்கிற தவணை அது.

அந்த நாட்களில் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பிள்ளை முன்பு போன கார்தெரியின் வேலிக்கு வெளியே போய் நிற்பாள். அங்கே பிள்ளை இல்லையென்று தெரியும், இருந்தும் போவாள். ஒருநாள் மெட்ரோ பிடித்து லவாலுக்குப் போய், பெரிய கடைத்தொகுதி ஒன்றில் நாள் முழுக்க நடந்திருக்கிறாள். அவன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஏதாவது வாங்க வந்தாலும் வருவான் என்று. திரும்பி வந்து என் சோபாவில் கோட்டைக்கூடக் கழற்றாமல் சரிந்தாள்.

"அக்கா, நாலு வயசுல நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"ஏன் கேக்கிறாய்?"

"எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல. அதான் பயமா இருக்கு. இப்ப நான் இல்லாமப் போயிட்டா அவளுக்கு என் மூஞ்சி கூட ஞாபகம் இருக்காது."

இல்லாமல் போவது என்று அவள் எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அன்றிலிருந்து இரவில் அவளைத் தனியே மேலே விடவில்லை. எங்கள் வீட்டு அறையிலேயே படுக்க வைத்தேன்.

என் கணவர் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பொறுக்க மாட்டாமல் கேட்டார். "நீ அந்தச் சபையிலை இருக்கிறன் எண்டுதானே கோட்டும் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போறனி. இந்தப் பிள்ளைக்கு ஒரு லோயரை எடுத்துக் குடுக்க ஏலாதோ?"

"அப்பிடிச் செய்ய ஏலாதப்பா. தனிப்பட்ட ஆக்களின்ரை வழக்கிலை சபை ஆக்கள் தலையிடக் கூடாது. கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளை போனனான்."

"அப்ப என்னத்துக்கு அங்கை இருக்கிறாய்?"

அவள் சமையலறை வாசலில் கோப்பையோடு நின்றிருந்தாள். கேட்டிருப்பாள். அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் அவர் சொன்னாரோ தெரியாது.

அடுத்த நாள் வேலையில் இடைவேளை வந்ததும் சமையல்கூடத்துக்கு வெளியே நின்று நிலையத்தின் பணிப்பாளரை அழைத்தேன். தலைக்குமேலே விமானம் இறங்குகிற இரைச்சல். பணிப்பாளர் ஒரு பெண். தானும் வருடக்கணக்காகக் கிளைக் கந்தோரில் வழக்குகள் பார்த்து வந்தவள், நல்லவள். நான் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "மேடம், அந்தப் பெண்ணின் கோப்பை நான் மேலே எடுத்தால், யாருடைய கோப்பைக் கீழே வைப்பது என்பதையும் நீங்களே சொல்லுங்கள்" என்றாள்.

விமான இரைச்சல் அடங்கியதும் அவளே தொடர்ந்தாள்.

"இங்கே என் மேசையில் இருப்பதெல்லாம் அப்படிப்பட்ட கோப்புகள்தான். இன்னொரு விஷயம். நீங்கள் அழைத்ததைச் சபைத் தலைவருக்கு நான் அறிவிக்க வேண்டியிருக்கும். உங்களைக் குறை சொல்வதற்காக அல்ல. விதி அப்படி."

"அறிவியுங்கள்" என்றேன். திரும்பவும் அப்படியொரு நிலைமை வந்தாலும் நான் அழைப்பேன்.

அந்த மாதக் கூட்டத்தில் அடுத்த வருடத்து வரவு செலவுத் திட்டம் இருந்தது. வந்த பணம் சம்பள உயர்வுக்கே காணவில்லை. இரண்டு வழிகள் இருக்கின்றன என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். காலியாகக் கிடக்கிற இடங்களை அப்படியே காலியாக விடுவது ஒன்று. அவற்றில் எங்கள் பகுதியின் குடும்ப வழக்கு இடமும் ஒன்று. இல்லையென்றால் நகரத்தின் வேறொரு மூலையில் இருக்கிற சின்னக் கந்தோரை மூடி, அந்த வாடகையையும் ஆட்களையும் எடுத்து வெற்றிடங்களை நிரப்புவது. நான் பேருந்தில் இருந்து அந்தத் தாள்களை வாசித்து வாசித்து, என்ன கேட்பது என்று பிரெஞ்சில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எழுத்துக்கூட்டிப் பேசுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

கூட்டம் தொடங்குமுன் தலைவர் என்னைத் தனியே ஜன்னலருகே கூட்டிப்போனார். தலை நரைத்த சட்டத்தரணி. பேசும்போது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார்.

"உங்களுக்கு நெருங்கிய ஒருவர் அந்தக் கந்தோரில் சேவைக்காகக் காத்திருக்கிறார் என்று அறிந்தேன். இந்த விஷயம் வரும்போது நீங்கள் அறையில் இருப்பது சரியில்லை. விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ள முடியாது. எனக்கு இது வருத்தம்தான்."

"ஐயா, இப்படிப்பட்ட ஆட்களைத் தெரியும் என்றுதானே என்னை இங்கே எடுத்தீர்கள்?"

"ஆம்" என்றார். "இப்படிப்பட்ட ஆட்களை. ஒருவரை அல்ல." சொல்லிவிட்டு அவரே கீழே பார்த்தார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. விதியிலும் பிழை இல்லை. தனக்கு வேண்டியவர்களுக்காகக் கை தூக்குகிறவர்கள் நிறைந்த சபை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் வளர்ந்த நாட்டில் அதைப் பார்த்திருக்கிறேன். அந்த விஷயம் வந்ததும் எழுந்து வெளியே போனேன். வெளியே கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்த வாங்கில் உட்கார்ந்தேன். கூட்ட அறையின் கண்ணாடிச் சுவருக்குத் திரை இறக்கியிருந்தார்கள். உள்ளே பேசுவது முணுமுணுப்பாகக் கேட்டதே தவிர, சொற்கள் பிடிபடவில்லை. நான் தயார்செய்து வந்த கேள்விகள் வாய்க்குள் கிடந்தன. அவள் எங்கள் வீட்டு அறையில் தனியே கிடக்கிறாளே என்ற நினைப்பும் வந்தது. கணவருக்கு அழைத்து, "நித்திரையோ எண்டு ஒருக்கா எட்டிப் பாருங்கோ" என்றேன். "முழிச்சுத்தான் இருக்கிறாள். ரிவி போட்டு விட்டிருக்கிறன்" என்றார்.

கதவு திறந்தபோது முதலில் வந்தவர் என்னைப்போலவே சட்டத்தரணி அல்லாத இன்னொரு உறுப்பினர். முந்தி நகரத்துப் பேருந்து ஓட்டியவர், இந்த ஊரிலேயே பிறந்தவர். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "காலியான இடங்களை நிரப்ப வேண்டாம் என்று முடிவு. நான் எதிர்த்துத்தான் வாக்களித்தேன். ஆனால் அந்தச் சின்னக் கந்தோரை மூடினால் அங்கே போகிற சனம் எங்கே போகும் என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. உங்களுக்கு வந்திருக்குமா?"

"தெரியாது" என்றேன். உண்மையாகவே தெரியாது.

வழக்குத் தவணையன்று நான் லீவு எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். பின்வரிசையில் உட்கார்ந்தேன். அவன் பக்கத்தில் அவனுடைய சட்டத்தரணி, மேசையில் அடுக்கிய கோப்புகள். அவன் ஒரு தடவை இவளைத் திரும்பிப் பார்த்தான். மெலிந்துதான் இருந்தான். அவனையும் ஒரு கெட்டவன் என்று எழுதிவிட்டுப் போனால் எனக்குச் சுலபமாக இருக்கும். பிள்ளையை அவள் இந்தியாவுக்குக் கொண்டுபோய்விடுவாள் என்று அவன் நிசமாகவே பயந்தான். சண்டை வந்தபோது அப்படிச் சொன்னேன்தான் என்று அவளே என்னிடம் ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

நீதிபதி ஒரு பெண். இவளிடம் ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார். "உங்கள் சட்டத்தரணி எங்கே?"

"சட்ட உதவிப் பத்திரம் இருக்கு, மேடம். வக்கீல்தான் கிடைக்கல" என்றாள் அவள் ஆங்கிலத்தில். கோட்டுக்குள்ளிருந்து எடுத்து நீட்டியும் காட்டினாள்.

அவன் தரப்பில் சத்தியக் கடதாசி கொடுத்திருந்தார்கள். அவளுக்கு மனம் சரியில்லை, வேலை இல்லை, வீட்டு வாடகை அவன் பெயரில், பிள்ளையை நாட்டை விட்டுக் கொண்டுபோவதாக மிரட்டினாள் என்று. எதிர்த்து எழுதிக் கொடுக்க இவளிடம் எதுவும் இல்லை. எழுத வேண்டும் என்று சொல்லித்தர யாரும் இல்லை. நீதிபதி கேட்ட கேள்விக்கெல்லாம் எழுந்து நின்று, பரீட்சையில் வாய்மொழித் தேர்வு கொடுப்பதுபோலப் பதில் சொன்னாள். நடுவில் ஒரு தடவை, "மேடம், அவளுக்கு ராத்திரி மூக்கடைச்சுக்கும், நான் பக்கத்துல இருந்தாத்தான் தூங்குவா" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஒரு சட்டத்தரணியைத் தேடிக்கொள்ள அவகாசம் தருகிறேன் என்றார் நீதிபதி. அதுவரை பிள்ளை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். சனிக்கிழமை பகலில் தாய் பார்க்கலாம்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதுவரைக்கும்தானே அக்கா? அதுவரைக்கும்னுதானே சொன்னாங்க?"

"ஓம், அதுவரைக்கும்தான்."

அந்த 'அதுவரை' அடுத்த தவணைக்குப் போனது. அதற்கடுத்த தவணைக்கும் போனது. பனி கரைந்து, மரங்கள் துளிர்த்த பிறகுதான் கட்டணப் பேச்சுவார்த்தை முடிந்து வெளிச் சட்டத்தரணிகள் திரும்பவும் வழக்கெடுக்கத் தொடங்கினார்கள். ஓர் இளம் சட்டத்தரணி இவளுடைய பத்திரத்தை வாங்கிக்கொண்டார். நன்றாகவே உழைத்தார். எழுத வேண்டியதெல்லாம் எழுதினார், மருத்துவரிடம் கடிதம் எடுத்தார், என்னைக்கூடச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். ஆனால் முழு விசாரணை வந்தபோது இலையுதிர் காலமாகிவிட்டது. பிள்ளைக்கு லவாலில் சிநேகிதிகள் இருந்தார்கள். புதுக் கார்தெரியில் பாட்டுப் பாடி ஆடினாள். தாயோடு பேசும்போதுகூடப் பாதி பிரெஞ்சில் பதில் சொன்னாள். நீதிபதி தீர்ப்பில் அதைத்தான் சொன்னார். பிள்ளை அங்கே வேர் விட்டுவிட்டாள், பிடுங்குவது அவளுக்கு நல்லதல்ல. ஒன்றைவிட்ட ஒரு வார இறுதி தாயிடம். தாய்க்கு நிரந்தர வேலையும் தகுந்த வீடும் அமைந்தால் திரும்பி வந்து கேட்கலாம்.

எங்கள் சட்டத்தரணி வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றார். "குளிர்காலத்திலேயே நான் இருந்திருந்தால்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். அவள் அவருக்கு நன்றி சொன்னாள். மெட்ரோ பிடித்து வீடு திரும்பினோம். இறங்கும்போது கேட்டாள். "உங்க கம்பெனியில ஆள் எடுப்பாங்களா அக்கா?"

எடுத்தார்கள். அதிகாலை வேலை. வேதியியல் படித்தவள் தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்று, தட்டுகளில் பழத்துண்டும் பாணும் வெண்ணெயும் வைத்தாள். மகள் வராத வார இறுதிகளில் மேலதிக வேலையும் கேட்டு வாங்கினாள். எங்கள் கட்டடத்திலேயே ஒரு சின்ன வீடு காலியாக வந்தது. எடுத்து, மகளுக்கென்று ஒரு கட்டில் வாங்கிப் போட்டாள். பின்னேரங்களில் பிரெஞ்சு வகுப்பு. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் முகத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது. நானும் நம்பினேன். அவள் நிமிர்ந்துவிட்டாள், இனிக் கேட்டால் கொடுப்பார்கள் என்று.

வசந்தம் வந்ததும் நிலைமை மாறிவிட்டது என்று நீதிமன்றத்தில் கேட்பதற்காகத் திரும்பவும் சட்ட உதவிக் கந்தோருக்குப் போனாள். நான் வேலையில் இருந்தேன். அவள் அங்கிருந்தே அழைத்தாள்.

"அக்கா, எனக்கு இல்லன்னு சொல்றாங்க."

"என்ன இல்லை?"

"நான் சம்பாதிக்கிறது ஜாஸ்தியாம். சும்மா குடுக்கிற அளவையும் தாண்டிடுச்சாம், கொஞ்சம் கட்டிட்டு வாங்கிக்கிற அளவையும் தாண்டிடுச்சாம். அந்தச் சனி ஞாயிறு வேலையெல்லாம் சேர்த்துப் பாத்தாங்களாம்."

வெளிச் சட்டத்தரணிக்குச் சொந்தக் காசு கொடுக்கிற அளவுக்கு அந்தச் சம்பளம் எங்கே காணும்? வீட்டு வாடகைக்கே சரி. அந்த அளவுகள் எனக்குத் தெரிந்தவைதான். ஒவ்வொரு வருடமும் எங்கள் முன்னால் மேசையில் வைக்கப்படுபவை. அவற்றை நாங்கள் எழுதுவதில்லை.

பின்னேரம் என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வேலை இல்லாதப்ப வக்கீல் குடுத்தாங்க. ஆனா வேலை இல்ல, வீடு இல்லன்னு ஜட்ஜ் சொன்னாங்க. இப்ப வேலை இருக்கு, வீடு இருக்கு, வக்கீல் இல்லன்னு சொல்றாங்க. நான் எப்பக்கா இவங்களுக்குச் சரியான ஆளா இருப்பேன்?"

என் கணவர் தொலைக்காட்சியை நிறுத்தினார்.

அடுத்த கூட்டத்தில் நான் அதை எழுப்பினேன். அவளைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், வருமான அளவைப்பற்றி மட்டும். வேலைக்குப் போகிற ஏழை இந்த வாசலில் திரும்பிப் போகிறாள் என்றேன். இம்முறை என்னை யாரும் வெளியே அனுப்பவில்லை. எல்லாரும் கேட்டார்கள். முந்திப் பேருந்து ஓட்டியவர் மேசையில் தட்டினார். இது சட்டவிதி, நம் அதிகாரத்தில் இல்லை, ஆனால் மேலே எழுதலாம் என்றார் தலைவர். எழுதினோம். கிடைத்தது, கவனத்தில் கொள்ளப்படும் என்று மரியாதையான பதில் வந்தது. அந்த வருட அறிக்கையில் முடிந்த வழக்குகளின் எண்ணிக்கை கூடியிருப்பதாக ஒரு பக்கம் இருந்தது. தீர்ப்பு வந்ததோடு அவளுடையதும் முடிந்த வழக்குகளில் ஒன்றாகத்தான் எண்ணப்பட்டிருக்கும்.

என் பதவிக்காலம் முடிகிறது, தொடர்கிறீர்களா என்று கேட்டார்கள். கணவர் விட்டுவிடச் சொன்னார். நான் ஓம் என்று எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று அவருக்கு என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. எழுந்து போய்விட்டால் அந்த இருக்கையில் பிறகு யார் உட்காருவார் என்ற யோசனைதான்.

கோடை முடிகிற சமயம் இடைவேளையில் அவள் என்னிடம் வந்து, "அக்கா, வேலை நேரத்தைக் குறைச்சுக்கிட்டா மறுபடி குடுப்பாங்கல்ல?" என்று கேட்டாள்.

சபையில் இருக்கிற நான் அதற்கு ஓம் என்று சொல்லக் கூடாது. இல்லை என்று சொன்னால் பொய்.

"குறைச்சா, நிரந்தர வேலை இல்லையெண்டு மற்றப் பக்கம் சொல்லுவினம்" என்றேன்.

"சொல்லட்டும். அத எதுத்துப் பேச அப்ப ஒரு வக்கீலாவது இருப்பாங்கல்ல."

எங்கள் மேற்பார்வையாளர் ஹெயிட்டிக்காரர். கூடுதல் நேரம் கேட்டு வருகிறவர்களையே பார்த்துப் பழகியவர். அவள் கேட்டதும் தான் பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "உடம்புக்கு ஏதும்?" என்று கேட்டார். இல்லை, மகளுக்காக என்றாள் அவள் பிரெஞ்சில். நல்ல பிரெஞ்சாக இருந்தது. அவர் அதற்கு மேல் கேட்காமல் எழுதிக்கொடுத்தார்.

இப்போது அவளுக்குத் திரும்பவும் பத்திரம் கொடுத்திருக்கிறார்கள். காலியாகக் கிடந்த இடத்துக்கும் இந்த வருடம் ஆள் போட்டிருக்கிறோம். அந்தப் புதிய சட்டத்தரணியிடம் அவளுக்கு முன்னால் நிறையப் பேர் இருக்கிறார்கள். தவணை இன்னும் வரவில்லை. வாடகைக்கு எங்களிடம் கைமாற்று வாங்குகிறாள். மகள் வருகிற வார இறுதிக்குப் பழமும் பாலும் வாங்க முதல் நாளே யோசிக்கத் தொடங்குகிறாள்.

நேற்று மத்தியானம் அவள் வேலை முடிந்து வலைத்தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனாள். இன்னும் வேலை செய்யத் தெம்பிருக்கிறவள், தட்டுகள் வந்து குவிந்துகொண்டிருக்கிற நேரத்தில், ஏழையாக இருப்பதற்காக வீட்டுக்குப் போகிறாள். சாப்பாட்டை வண்டிகளில் ஏற்றுகிற மேடையின் கதவு திறந்திருந்தது. பேருந்துத் தரிப்பிடத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பேருந்து வர நேரமெடுத்தது. அவள் விட்டுப்போன இடத்தையும் சேர்த்து நான் தனியே தட்டுகளை நிரப்பினேன்.